டாட் காம் பெயர் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது?

பழையஏடு · செவ்வாய் இரவு

வணக்கம். நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து, 1960, 70களில் வந்து நின்றுபோன சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து ஒரு டாட் காம் தளத்தில் ஏற்றி வருகிறோம். ஆசிரியர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் எந்த இதழையும் போடுவோம். சர்வர் ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்தது.

போன வாரம் திடீரென்று தளம் திறக்கவில்லை. சர்வருக்குள் போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஐபி எண்ணை நேரடியாகப் போட்டால் பக்கம் வருகிறது, பெயரைப் போட்டால் வரவில்லை. பெயர் வாங்கிய அமெரிக்க கம்பெனிக்கு எழுதினேன் (எந்த கம்பெனி என்று இங்கே சொல்லவில்லை). “பதிப்புரிமைப் புகார் வந்துள்ளது, அமெரிக்கச் சட்டப்படி நிறுத்தி வைத்துள்ளோம்” என்று பதில். யார் புகார் கொடுத்தது, எந்த இதழ் பற்றி என்று ஒரு தகவலும் இல்லை.

நாங்கள் இந்தியாவில் இருக்கிறோம், இதழ்கள் இந்தியாவில் வந்தவை, சர்வர் ஜெர்மனியில். இதில் அமெரிக்கச் சட்டம் எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலைவேலன் · செவ்வாய் இரவு

முதல் வேலையாக உங்கள் பெயருக்கு ஹூஇஸ் (பெயர்ப் பதிவு விவரம் காட்டும் சேவை) தேடிப் பாருங்கள். அதில் ‘டொமைன் ஸ்டேட்டஸ்’ என்று சில வரிகள் வரும். ‘க்ளையன்ட் ஹோல்டு’ என்று இருந்தால் நிறுத்தியது நீங்கள் பெயர் வாங்கிய ரெஜிஸ்ட்ரார். ‘சர்வர் ஹோல்டு’ என்று இருந்தால் அதற்கும் மேலே இருக்கிற ரெஜிஸ்ட்ரி, அதாவது டாட் காம் பட்டியல் முழுவதையும் வைத்திருக்கிற வெரிசைன். எது என்று தெரியாமல் யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம், தவறான வாசலில் நிற்போம்.

இப்போது உங்கள் கேள்வி. நம்மில் பலரும் சர்வர் இருக்கும் நாட்டைத்தான் நினைத்துக்கொள்கிறோம். பெயரைப் பொறுத்தவரை சர்வருக்கு எந்தப் பங்கும் இல்லை. வீடு தென்காசியில் இருக்கட்டும், சொந்தக்காரர் துபாயில் இருக்கட்டும், பத்திரம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே போய்த்தானே வில்லங்கம் பார்க்கிறோம்? டாட் காமுக்கு அந்த அலுவலகம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரெஸ்டன் என்ற ஊரில் இருக்கிறது. டாட் நெட்டும் அதே வெரிசைனிடம். டாட் ஆர்க்கை நடத்தும் பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரியும் ரெஸ்டனில்தான். அமெரிக்க நீதிமன்றம் ஒரு தாளில் உத்தரவு போட்டால், உலகத்தில் யார் வாங்கிய டாட் காம் பெயரையும் அந்த ஊரிலேயே திருப்பிவிட முடியும்.

ஸ்பெயின்காரர்களின் ரோஹாதிரெக்தா தளத்துக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். விளையாட்டுப் போட்டிகளின் நேரலை எங்கே கிடைக்கிறது என்று இணைப்பு கொடுக்கும் தளம் அது. வெறும் இணைப்பு கொடுப்பது சட்டமீறல் அல்ல என்று மாட்ரிட்டில் தீர்ப்பாகி, மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அப்படியிருந்தும் 2011 தொடக்கத்தில் அமெரிக்கக் குடிநுழைவு மற்றும் சுங்க அமலாக்கத் துறை அதன் டாட் காம், டாட் ஆர்க் இரண்டையும் கைப்பற்றியது. பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றிவிட்டார்கள். உள்ளே போனவர்களுக்கு அரசு முத்திரைகளோடு ஒரு அறிவிப்புப் பலகைதான் தெரிந்தது. முன்கூட்டி விசாரணை கிடையாது. பெயரைத் தற்காலிகமாகத் திருப்பிக் கேட்டபோது, “வேறு முகவரிகளில் தளம் இயங்குகிறதே, அதைப் பயனர்களிடம் சொன்னால் போதும், பெரிய இடர் இல்லை” என்ற போக்கில் நியூயார்க் நீதிபதி மறுத்தார். 2012 ஆகஸ்டில் அரசே வழக்கைக் கைவிட்டுப் பெயர்களைத் திருப்பித் தந்தது. சொந்த நாட்டு நீதிமன்றம் சரி என்று சொன்ன ஒரு தளம், வேறொரு நாட்டில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பெயரை இழந்து கிடந்தது.

சரி, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கினால் தப்பிக்கலாமா? 2012 பிப்ரவரியில் சூதாட்டத் தளமான போடாக் டாட் காமைக் கைப்பற்றியபோது அது கனடாவில் உள்ள ரெஜிஸ்ட்ராரிடம் இருந்தது. மேரிலாந்தில் உள்ள அமெரிக்க மத்திய அரசு வழக்கறிஞர்கள் கனடா பக்கமே போகவில்லை, நேராக வெரிசைனிடம் உத்தரவைக் கொடுத்தார்கள். அதோடு முடிந்தது.

ரெஜிஸ்ட்ரார் அளவில் நடப்பதற்கு நீதிமன்றம்கூடத் தேவைப்படுவதில்லை. ஸ்பெயினில் இருந்த ஆங்கிலேயப் பயண முகவர் ஒருவர், ஐரோப்பியர்களைக் கியூபாவுக்கு அழைத்துப்போகும் தொழில் செய்தார். அவர் நாட்டில் அது முழுக்கச் சட்டப்படியான தொழில். அமெரிக்க நிதித்துறையின் தடைப் பட்டியலில் அவர் நிறுவனம் இருந்தது. 2007இல் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள அவருடைய ரெஜிஸ்ட்ரார் சுமார் 80 பெயர்களை முடக்கிவிட்டது. உங்கள் விஷயமும் இந்த வகையாகத்தான் எனக்குப் படுகிறது.

புதுமுகம் · செவ்வாய் இரவு

அண்ணா, ஒரு சந்தேகம். 2016இல் இணையத்தின் கட்டுப்பாடு அமெரிக்காவின் கையை விட்டுப் போய்விட்டது என்று படித்திருக்கிறேன். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் இப்போது பொதுவான அமைப்பு இல்லையா?

வலைவேலன் · புதன் காலை

போனது ஒரு ஒப்பந்தம்தான் தம்பி. உலகின் மூலப் பெயர்ப் பட்டியலைப் பராமரிக்கும் வேலையை அமெரிக்க வணிகத்துறை ஐகேனிடம் ஒப்பந்தமாகக் கொடுத்திருந்தது. 2016 அக்டோபர் 1 அன்று அது முடிந்தது, மேற்பார்வையும் விலகியது. அது பெரிய மாற்றம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐகேன் கலிபோர்னியா சட்டப்படி பதிவான லாப நோக்கமற்ற நிறுவனம், தலைமையகம் லாஸ் ஏஞ்சலஸில். அது மாறவே இல்லை.

அதன் விளைவை டாட் ஆர்க் விற்பனையில் பார்த்தோம். 2019 நவம்பரில் இன்டர்நெட் சொசைட்டி, டாட் ஆர்க்கை நடத்தும் அமைப்பை ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப் போவதாக அறிவித்தது. உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் எதிர்த்தன. 2020 ஏப்ரலில் கலிபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர், இதற்கு ஒப்புதல் தராதீர்கள் என்று ஐகேனுக்குக் கடிதம் எழுதினார். அதே மாதக் கடைசியில் ஐகேன் மறுத்துவிட்டது. முடிவு எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் ஊர் அறக்கட்டளைகளின் முகவரி யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் ஒரு அமெரிக்க மாநில அதிகாரியின் கடிதத்துக்கு இருந்த எடை வேறு எந்த நாட்டு அரசுக்கும் இருந்ததில்லை.

அதே ஐகேன் மறுபக்கமும் நின்றிருக்கிறது. ஈரான் மீது அமெரிக்க நீதிமன்றங்களில் இழப்பீடு வென்றவர்கள், பணத்துக்குப் பதிலாக டாட் ஐஆர் என்ற நாட்டுக் குறியையே ஜப்தி செய்து தரும்படி கேட்டார்கள். ஒரு நாட்டின் முழு இணைய முகவரியும் ஜப்திக்குப் போவது! ஐகேன் எதிர்த்து வாதாடியது. 2016இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படிக் கொடுத்தால் சம்பந்தமில்லாத லட்சக்கணக்கானவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று கோரிக்கையைத் தள்ளியது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் அதைத் தீர்மானித்த இடமும் அமெரிக்க நீதிமன்றம்தானே.

மதுரைவக்கீல் · புதன் மதியம்

வலைவேலன் தம்பி சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் எல்லாவற்றையும் “அமெரிக்காக்காரன் பிடுங்கிவிடுவான்” என்று சுருக்கக் கூடாது. வழக்குகளைப் படித்தால் படம் வேறு மாதிரி இருக்கிறது.

1999இல் அமெரிக்கா சைபர் பதுக்கலுக்கு, அதாவது பிறர் வணிகப் பெயரை டொமைனாக வாங்கிப் பதுக்குவதற்கு, எதிராக ஒரு சட்டம் போட்டது. பெயரின் சொந்தக்காரர் அங்கே கிடைக்காவிட்டால், பெயரையே பிரதிவாதியாக நிறுத்தி வழக்குத் தொடுக்கலாம். எங்கே தொடுப்பது? ரெஜிஸ்ட்ராரோ ரெஜிஸ்ட்ரியோ இருக்கும் மாவட்டத்தில். அதனால் கிழக்கு வர்ஜீனியா மாவட்ட நீதிமன்றத்துக்கு உலகெங்கிலுமிருந்து வழக்குகள் வருகின்றன. இதுவரை தம்பி சொன்னதுதான்.

இப்போது பார்சலோனா டாட் காம். ஸ்பெயினைச் சேர்ந்த தம்பதி 1996இல் வாங்கி, பிறகு அமெரிக்காவில் ஒரு கம்பெனி அமைத்து அதன் பெயரில் வைத்தார்கள். பார்சலோனா நகராட்சி, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவரிடம் புகார் கொடுத்தது. 2000இல் நடுவர் நகராட்சிக்குச் சாதகமாக முடிவெடுத்தார். கம்பெனி வர்ஜீனியாவில் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் ஸ்பானியச் சட்டத்தைப் பார்த்து நகராட்சி பக்கம் சாய்ந்தது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, இங்கே அமெரிக்கச் சட்டம்தான் பொருந்தும், ஊர்ப் பெயர் வெறும் ஊர்ப் பெயராக இருக்கும்வரை அதை யாரும் வணிகச் சின்னமாக உரிமை கொண்டாட முடியாது என்றது. இரண்டு பக்கமும் ஸ்பெயின்காரர்கள். ஸ்பானியச் சட்டப்படி தோற்றிருக்க வேண்டியவர்கள், பெயர் டாட் காமில் இருந்ததால் ஜெயித்தார்கள்.

அடுத்தது பிரான்ஸ் டாட் காம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழையஏடு ஐயாவுக்கு உதவும். பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் நோயல் ஃப்ரிட்மன் 1994இல் அந்தப் பெயரை வாங்கி, பிரான்ஸை விரும்புவோருக்கான பயணத் தளமாக நடத்தினார். இருபது ஆண்டு யாரும் தொந்தரவு செய்யவில்லை, பிரெஞ்சு அரசு அமைப்புகளே அவரோடு சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. பிறகு ஒரு டச்சு நிறுவனம் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறது என்று அவரே பாரிஸில் வழக்குப் போட்டார். அந்த வழக்குக்குள் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம் நுழைந்து, ‘பிரான்ஸ்’ என்பதே எங்கள் பெயர் என்றது. பாரிஸ் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது, 2017இல் மேல்முறையீட்டிலும் அரசுக்கே. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் உள்ள அவருடைய ரெஜிஸ்ட்ரார் பெயரைப் பிரான்ஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. அமெரிக்க நீதிமன்றத்தில் எந்த உத்தரவும் இல்லை. முன்னறிவிப்பும் இல்லை என்பது அவர் புகார்.

அவர் வர்ஜீனியாவுக்குப் போனார். 2021இல் ரிச்மண்ட் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேற்று நாட்டு அரசை இங்கே இழுக்க முடியாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று வழக்கை முடித்துவிட்டது. பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள்ளேயே அந்த நீதிமன்றம் போகவில்லை! அவர் பாரிஸில் வழக்கைத் தொடங்காமல் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். எந்த ஊர் நீதிமன்றத்துக்கு முதலில் போகிறோம் என்பதே பாதி வழக்கு.

நம் நாட்டு நிலை: 2004இல் சத்யம் இன்ஃபோவே எதிர் சிஃபிநெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னம்போலப் பாதுகாப்பு உண்டு என்று சொன்னது. கூடவே, நம் வணிகச் சின்னச் சட்டம் நாட்டு எல்லைக்கு வெளியே பாயாது என்றும் சொன்னது. நம் நாட்டுக் குறியான டாட் இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்சி என்ற அமைப்பு இருக்கிறது. அதன் தகராறு விதிகளின்படி நடுவர் நம் 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின்கீழ் விசாரிப்பார், அந்த முடிவை நம் நீதிமன்றத்திலேயே எதிர்க்கலாம். என் கருத்து இதுதான்: நாம் நடந்து போய் மனுப் போட முடிகிற, நமக்குத் தெரிந்த வக்கீல் வாதாட முடிகிற ஊரில் பெயரை வையுங்கள். ரெஸ்டனில் வழக்கு நடத்த ஒரு சிற்றிதழ்க் குழுவிடம் என்ன பணம் இருக்கிறது?

யாழ்தேவி · புதன் இரவு

அக்கா சொன்ன கடைசி விஷயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சொந்த நாட்டு அரசே எதிராளியாக இருக்கிறவர்களுக்கு அது பொருந்தாது.

2007 ஜூனில் ஈழத் தமிழர் செய்தித்தளமான தமிழ்நெட் டாட் காமை இலங்கையில் தடை செய்தார்கள். இணைய சேவை நிறுவனங்களிடம் சொல்லி உள்நாட்டில் மறைத்தார்கள், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. நாங்கள் லண்டனில் இருந்து தினமும் படித்தோம். அது டாட் காமில் இருந்ததால் பெயரின்மேல் கொழும்பின் கை நேராகப் போய்ச் சேரவில்லை. அதே பெயர் இலங்கையின் டாட் எல்கேயில் இருந்திருந்தால் எங்கட ஆட்கள் எவ்வளவு நாள் நிம்மதியாக இருந்திருப்பார்கள்? எனக்கு வர்ஜீனியா மேல் பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் தூரத்தில் இருக்கும் சட்டம் சில வேளை காப்பாற்றும்.

நாட்டுக் குறி என்றாலே அந்த நாட்டு அரசியலும் கூடவே வரும். 2010இல் லிபியாவின் டாட் எல்ஒய்யில் இருந்த ஒரு முகவரி சுருக்கும் சேவையை, தங்கள் மார்க்கச் சட்டத்துக்கு விரோதம் என்று அந்த நாட்டுப் பதிவகம் எடுத்துவிட்டது. நடத்தியவர் அமெரிக்காவில் இருந்தார். எங்கள் பிரிட்டனில் பிரெக்சிட் முடிந்ததும் 2021 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் குறியான டாட் இயூவில் சுமார் 80,000 பெயர்கள் நிறுத்தப்பட்டன. யாரும் எந்தக் குற்றமும் செய்யவில்லை, முகவரி ஒன்றியத்துக்கு வெளியே போய்விட்டது, அதுதான் காரணம்.

வலைவேலன் · புதன் இரவு

டாட் ஐஓவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஸ்டார்ட்அப் பையன்கள் ஆசையாக வாங்குகிற அந்தக் குறி, சாகோஸ் தீவுகளைக் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்துடையது. அந்தத் தீவுகளை மொரிஷியஸுக்குக் கொடுக்க 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு நாட்டின் குறியீடு சர்வதேசப் பட்டியலிலிருந்து நீங்கினால் அந்த டொமைனை ஐந்து ஆண்டில் முடித்துவைக்க ஐகேனிடம் நடைமுறை உண்டு, நீட்டித்தால் பத்து ஆண்டு. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ, குறியீடு நீங்கிய பிறகு 2010இல் மறைந்ததுதான்.

மதுரைவக்கீல் · வியாழன் காலை

யாழ்தேவி சொல்வது நியாயம். நான் சொன்னது அரசோடு மோதல் இல்லாத ஒரு குழுவுக்கு. அரசியல் செய்தித்தளம் நடத்துகிறவருக்கு நான் இதே ஆலோசனையைச் சொல்ல மாட்டேன். நம் நாட்டிலும் இணையப் பக்கங்களைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவு இருக்கிறது. 2009ஆம் ஆண்டு விதிகள்படி தடைக் கோரிக்கையும் அதன்மேல் எடுக்கும் நடவடிக்கையும் ரகசியம். தடை செய்யப்பட்டவருக்கே காரணம் தெரியாமல் போகிறது. அதை நான் பலமுறை எதிர்த்து எழுதியிருக்கிறேன்.

நீதிமன்றத் தடையும் அளவு மீறும். 2012இல் ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க, ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று எதிராளியைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். இணைய சேவை நிறுவனங்கள் விமியோ, பேஸ்ட்பின் முதலிய தளங்களை முழுசாக மூடின. அந்த ஜூனில் நீதிமன்றமே, குறிப்பிட்ட இணைப்புகளைத்தான் தடுக்க வேண்டும், தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்த வேண்டி வந்தது. ஆனால் பாருங்கள், அந்த உத்தரவைத் திருத்த இங்கேயே போக முடிந்தது. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

பழையஏடு · வியாழன் மாலை

எல்லோருக்கும் நன்றி. ஹூஇஸ் பார்த்தேன். ‘க்ளையன்ட் ஹோல்டு’ என்றுதான் இருக்கிறது. கூடவே ‘க்ளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்’ (வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தடை) என்றும் ஒரு வரி. அப்படியென்றால் வெரிசைனும் இல்லை, நீதிமன்றமும் இல்லை, நாங்கள் பெயர் வாங்கிய கம்பெனியே செய்தது. அப்புறம் எதற்கு அமெரிக்கச் சட்டம் என்கிறார்கள்?

மதுரைவக்கீல் · வியாழன் இரவு

அந்த வார்த்தையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் நீக்கல் அறிவிப்பு முறை, உள்ளடக்கத்தைச் சேமித்து வைக்கிறவர்களையும் தேடிக் காட்டுகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது. உங்கள் ஸ்கேன் பக்கங்களை ரெஜிஸ்ட்ரார் சேமித்து வைக்கவில்லை, பெயரை மட்டும்தான் வைத்திருக்கிறது. அவர்கள் நிறுத்தியது பெரும்பாலும் தங்கள் சேவை நிபந்தனைகளில் உள்ள அதிகாரத்தைக் கொண்டுதான் இருக்கும். பெயர் வாங்கும்போது நாம் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்துகிற ஒப்பந்தம் அது. அதில் “இந்த ஒப்பந்தத்துக்கு எந்த மாநிலச் சட்டம் பொருந்தும்” என்று ஒரு பத்தி இருக்கும், அதைத் தேடி எடுங்கள்.

கடிதத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். புகாரின் நகல். எந்த நிபந்தனையின்கீழ் நிறுத்தினார்கள் என்ற விவரம். அப்புறம் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுவதற்கான குறியீடு. ஐகேனின் மாற்றல் விதிப்படி நீங்கள் கேட்ட ஐந்து நாளுக்குள் அதைத் தர வேண்டும். எந்தெந்தக் காரணத்துக்காக மாற்றலை மறுக்கலாம் என்று விதியிலேயே பட்டியல் இருக்கிறது: நீதிமன்ற உத்தரவு, நடுவர் முன் நிலுவையில் உள்ள தகராறு, மோசடிக்கான ஆதாரம், பணம் கட்டாதது போன்றவை. வெறும் பதிப்புரிமைப் புகார் அதில் இல்லை. தராவிட்டால் ஐகேனின் இணக்கப் பிரிவில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. வாரிசுகளின் அனுமதிக் கடிதங்களை இப்போதே ஸ்கேன் செய்து இணையுங்கள்.

வலைவேலன் · வியாழன் இரவு

கூடவே இன்றைக்கே ஒரு டாட் இன் பெயர் வாங்கி அதே ஜெர்மன் சர்வருக்குத் திருப்புங்கள். வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் வாங்குங்கள். இரண்டும் ஒரே கணக்கில் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்துவார்கள். கணக்கின் மின்னஞ்சலும் அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது, பெயர் நின்றால் கடிதம் வரும் வழியும் நின்றுவிடும்.

யாழ்தேவி · வியாழன் இரவு

டாட் காமை விட்டுவிடாதீர்கள் ஐயா. நூலகங்களும் ஆய்வாளர்களும் அந்த முகவரியைத்தான் அடிக்குறிப்பில் போட்டிருப்பார்கள். இரண்டையும் வைத்திருங்கள்.

பழையஏடு · வெள்ளி காலை

டாட் இன் நேற்றிரவே வாங்கியாகிவிட்டது, தளம் திறக்கிறது. டாட் காமை விடுவதாக இல்லை, குறியீடு கேட்டு எழுதப் போகிறேன். கடித வரைவை இன்று மாலை இங்கேயே போடுகிறேன். அக்கா, ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர முடியுமா?

மதுரைவக்கீல் · வெள்ளி காலை

போடுங்கள், பார்க்கிறேன். வாரிசுகளின் பெயரும் முகவரியும் வெளியே தெரியாமல் மறைத்துவிட்டுப் போடுங்கள்.